வாயை மூடவும் கற்றுக்கொடுங்கள்

செல்களைப் பேசவைக்கும் திட்டத்தோடு இந்த ஆண்டு ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவர் அணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது, கையெழுத்து தெரிந்திருக்கும். உங்கள் திட்ட வரைவுகளைப் படித்து, ஓரத்தில் சிவப்பு மையில் கிறுக்கித் திருப்பி அனுப்பும் ஆள் நான்தான். சம்பளமில்லாத வேலை. ஆனாலும் ஆறேழு வருடமாக விடாமல் செய்கிறேன். உங்கள் வயதில் என் வரைவை யாராவது இப்படிக் கிறுக்கியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். அந்தக் கதை பின்னால் வருகிறது.

இந்த முறை வந்த வரைவுகளில் பெரும்பாலானவற்றின் முதல் பக்கத்தில் ஒரே படம். இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம், நடுவில் ஓர் அம்புக்குறி. இடப்பக்கத்து பாக்டீரியாவுக்குக் கீழே ‘அனுப்புநர்’, வலப்பக்கத்து பாக்டீரியாவுக்குக் கீழே ‘பெறுநர்’. அம்புக்குறியின் மேல் சின்ன எழுத்தில் ‘ஏ.எச்.எல்.’. பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதிய பழக்கம் இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன். இரண்டு வட்டங்களுக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் இருந்தது: எந்த மரபணு, எந்தப் பிளாஸ்மிட், எந்தப் புரமோட்டர், யாரிடமிருந்து வாங்குவது. அம்புக்குறிக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த அம்புக்குறியைப் பற்றித்தான் இந்த மடல். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை வலிக்கிறது.

நாம் கையாளும் இந்தப் பேச்சு மரபணுக்கள் கடலிலிருந்து வந்தவை. ஒளிரும் கடல் பாக்டீரியாக்களைக் குடுவையில் வளர்த்தால், முதல் சில மணி நேரம் எண்ணிக்கை கூடும், ஒளி மட்டும் கூடாது. பிறகு திடீரென்று குடுவை முழுக்க வெளிச்சம். ஹார்வர்டில் கென்னத் நீல்சன், வுட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் குழுவினர் 1970ல் இதற்குக் காரணம் சொன்னார்கள்: பாக்டீரியாவே ஏதோ ஒரு பொருளை வெளியில் விடுகிறது, அது மீடியாவில் போதிய அளவு சேர்ந்த பிறகுதான் ஒளி மரபணுக்கள் விழிக்கின்றன. ஒரு செல்லே பேசி, அதே செல்லே கேட்டுக்கொள்கிறது என்றால் அன்றைக்கு நம்ப ஆள் குறைவு. 1981ல் அந்தப் பொருளின் வேதியியல் அமைப்பு தெரிந்தது. 1983ல் அந்த ஒளி மரபணுக்களை அப்படியே எடுத்து ஈ. கோலைக்குள் வைத்தார்கள், கடலையே பார்க்காத ஈ. கோலை ஒளிர்ந்தது. 1994ல்தான் இதற்குப் பெயர் வைத்தார்கள், ‘கோரம் சென்சிங்’ என்று. சங்கக் கூட்டத்தில் ‘கோரம் சேரவில்லை, ஒத்திவைக்கிறோம்’ என்பார்களே, அதே கோரம்தான்.

இயங்கும் விதம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஒருமுறை. லக்ஸ்ஐ என்ற என்சைம் ஏ.எச்.எல். என்ற சிறு மூலக்கூறைச் செய்கிறது. அது செல்லின் சவ்வை யாரிடமும் கேட்காமல் கடந்து வெளியே போகும், உள்ளேயும் வரும். லக்ஸ்ஆர் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு டி.என்.ஏ.வில் போய் உட்காரும். உட்கார்ந்தால் விளக்கு எரியும். அதோடு லக்ஸ்ஐ மரபணுவும் விழித்து இன்னும் அதிகமாக ஏ.எச்.எல். செய்யும். கூட்டம் கூடக் கூடச் சத்தம், சத்தம் கூடக் கூட மேலும் சத்தம்.

2000ல் எம்.ஐ.டி.யில் ரான் வைஸும் டாம் நைட்டும் இந்த இரண்டு மரபணுக்களையும் பிரித்தார்கள். லக்ஸ்ஐயை ஓர் ஈ. கோலையில் வைத்தார்கள், லக்ஸ்ஆரை இன்னொன்றில். ஒன்று பேசும், மற்றது கேட்டுப் பச்சையாக ஒளிரும். உங்கள் எல்லோருடைய முதல் பக்கப் படத்துக்கும் தாத்தா அந்த வேலைதான்.

பாடப்புத்தகம் இந்த இடத்தில் நின்றுவிடும். நீங்களும் அங்கேயே நின்றுவிடுகிறீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பாக்டீரியா குடியிருக்கும் வீடு. ஹவாய்க் கடலில் கட்டைவிரல் அளவே உள்ள ஒரு குட்டிக் கணவாய் இருக்கிறது. அதன் வயிற்றுப் பக்கத்தில் ஓர் ஒளிப்பை. இரவில் அந்தப் பை நிறைய நாம் பார்த்த ஒளிரும் பாக்டீரியா, விப்ரியோ ஃபிஷெரி. நிலா வெளிச்சத்தில் கணவாயின் நிழல் கீழே விழாதபடி அவை ஒளிர்ந்து மறைக்கும். விடிந்ததும் அந்தக் கணவாய் என்ன செய்யும் தெரியுமா? பையிலுள்ள பாக்டீரியாவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைக் கடலில் துப்பிவிடும். மிச்சமிருப்பவை பகலெல்லாம் பெருகி, மாலைக்குள் மறுபடி கோரம் சேர்க்கும். தினமும் இதே கதை.

இயற்கையில் இந்தப் பேச்சு கோடிக்கணக்கான வருடமாக நடக்கிறது என்றால், அதற்குள் தினமும் ஒருமுறை பலகையைத் துடைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. நாம் மரபணுக்களை எடுத்துக்கொண்டோம், கணவாயை விட்டுவிட்டோம். உங்கள் குடுவையில் துப்புவதற்கு யாரும் இல்லை. ஒரு தடவை சொன்ன ஏ.எச்.எல். அங்கேயே கிடக்கும். இரண்டாவது செய்தியை எதன் மேல் எழுதுவீர்கள்?

அம்புக்குறிக்கு வருகிறேன். கம்பி வழியாகப் போகும் மின்சாரம்போல் உங்கள் செய்தி போவதில்லை. மின்னணுவியல் படித்துவிட்டு வந்திருக்கும் தம்பிகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். ஏ.எச்.எல். நடந்துகூடப் போவதில்லை, தள்ளாடிப் போகிறது. குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன்போல ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே, ஒரு அடி பக்கவாட்டில். தண்ணீரில் அதன் பரவல் வேகத்தை வினாடிக்குச் சுமார் 500 சதுர மைக்ரான் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 10 மைக்ரான் தள்ளியிருக்கும் பக்கத்து செல்லுக்குப் போக வினாடியில் பத்தில் ஒரு பங்குதான். 1 மில்லிமீட்டருக்குச் சுமார் 17 நிமிடம். 1 சென்டிமீட்டருக்கு ஒரு நாளைக்கு மேல். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. நல்ல மீடியாவில் ஈ. கோலை 20 நிமிடத்தில் இரண்டாகும். ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குச் செய்தி போய்ச் சேரும்போது அதை அனுப்பிய செல் இல்லை, அதன் கொள்ளுப்பேரன் எள்ளுப்பேரன் எல்லோரும் தாண்டி யாரோ இருப்பார்கள். ஒரு வரைவில் 9 சென்டிமீட்டர் பிளேட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ‘உடனடித் தகவல் பரிமாற்றம்’ என்று எழுதியிருந்தது. ‘உடனடி’யைச் சிவப்பில் வட்டமிட்டேன்.

தூரம் வேண்டுமென்றால் வேறு ஊர்தி தேடவேண்டும். சான் டியேகோவில் ஜெஃப் ஹேஸ்டியின் ஆய்வகத்தில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஒரே காலனிக்குள் ஏ.எச்.எல்.; காலனிக்குக் காலனி ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி. காற்றில் போகும் செய்தி வேகமாகப் போகும். 2012ல் அப்படி ஆயிரக்கணக்கான காலனிகளை ஒரே தாளத்தில் மினுக்கவிட்டு, அந்தத் தாளம் மாறுவதை வைத்துத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

இனி அந்த மூன்று வாரம்.

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலையே அனுப்புநர்–பெறுநர்தான். அனுப்புநர் செல்களை மாலையில் ஷேக்கரில் வைப்பேன். காலையில் வந்து சுழற்றி, மேல்நீரை வடிகட்டி, பெறுநர் செல்கள் மேல் ஊற்றுவேன். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பச்சை இல்லை. இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அளவுக்கு ஏதோ ஒரு சாயல். பிளாஸ்மிட்டை மறுபடி வரிசைப்படுத்தக் கொடுத்தேன், சரியாக இருந்தது. பெறுநரைச் சந்தேகித்தேன். ஃப்ரீஸரைச் சந்தேகித்தேன். என் பெஞ்சுக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவரைக்கூடச் சந்தேகித்தேன், அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் மீடியா தயாரித்து ஆட்டோகிளேவ் போடும் அண்ணன் ஒருவர் இருந்தார். பத்தாவதுக்கு மேல் படித்தவரில்லை. நான் வடிகட்டிவிட்டு வைத்திருந்த குடுவையை முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏம்மா, இதுல பிஎச் பாத்தியா? அமோனியா வாடை வருதே” என்றார். “பாக்கலைண்ணா, எல்.பி. மீடியாதானே, ஏழுதான் இருக்கும்” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து பிஎச் தாள் கட்டை எடுத்து ஒரு கீற்றைக் கிழித்து நனைத்தார். மஞ்சளாக இருந்த தாள் பச்சையைத் தாண்டி நீலத்தை எட்டியது. ஏழு எங்கே, எட்டரைக்கும் மேலே இருந்தது.

எல்.பி. மீடியாவில் சர்க்கரை ரொம்பக் குறைவு. ஈ. கோலை அதிலிருக்கும் அமினோ அமிலங்களைத் தின்று அமோனியாவை வெளியே விடும். ராத்திரி முழுக்கத் தின்றால் மீடியா காரமாகிவிடும். காரத்தில் ஏ.எச்.எல்.லின் தலையிலிருக்கும் லாக்டோன் வளையம் உடைந்து திறந்துகொள்ளும். திறந்த வளையத்தை லக்ஸ்ஆர் தொடாது. என் அனுப்புநர்கள் ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியிருக்கின்றன. அவை போட்ட கழிவே அந்தச் சத்தத்தை அழித்திருக்கிறது. மறுநாள் மீடியாவில் பஃபர் சேர்த்து பிஎச்சை ஏழில் நிறுத்தினேன். ஆறாவது மணி நேரத்திலேயே வடிகட்டினேன். இந்த முறை பெறுநர் குடுவை பச்சைப் பசேல் என்று இருந்தது. அண்ணனிடம் காட்டினேன். “தாள் பத்து ரூபாய்தாம்மா” என்றார்.

அந்த மூன்று வாரத்தின் எரிச்சல் தணிந்த பிறகுதான் 2004ல் நேச்சரில் வந்த ஒரு கட்டுரையைச் சரியாகப் படித்தேன். கால்டெக்கில் ஃபிரான்சிஸ் ஆர்னால்டின் ஆய்வகத்தில் லிங்சோங் யூ செய்தது. அவர்கள் ஈ. கோலைக்கு ஒரு விதி வைத்தார்கள்: கூட்டம் கூடினால் ஏ.எச்.எல். கூடும், ஏ.எச்.எல். கூடினால் செல்லுக்குள் ஒரு கொல்லும் புரதம் கூடும், கொஞ்சம் செல்கள் சாகும், கூட்டம் ஓரளவில் நிற்கும். மக்கள்தொகைக் கட்டுப்பாடு. அந்தக் கூட்டம் எந்த அளவில் நிற்கவேண்டும் என்று மாற்ற அவர்கள் எதைத் திருகினார்கள் தெரியுமா? மீடியாவின் பிஎச்சை. பிஎச் ஏறினால் ஏ.எச்.எல். சீக்கிரம் சாகும், அதனால் கூட்டம் இன்னும் பெரிதாகும் வரை கொலை தொடங்காது. எனக்கு மூன்று வாரம் தண்டனையாக வந்த அதே வேதியியல் அவர்கள் கையில் குமிழாக இருந்தது. அவர்கள் அம்புக்குறியின் ஆயுளை அளந்து வைத்திருந்தார்கள், நான் அளக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது நான் உங்களிடம் கேட்பது புரிந்திருக்கும். உங்கள் சமிக்ஞை எப்படிப் பிறக்கிறது என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எப்படிச் சாகிறது என்று எழுதுங்கள்.

சாகடிப்பதையே கலையாக்கியவர்களும் இருக்கிறார்கள். மண்ணில் வாழும் பேசில்லஸ் இனங்கள் சிலவற்றிடம் ஏஐஐஏ என்று ஓர் என்சைம் உண்டு. அது ஏ.எச்.எல். வளையத்தைத் தேடித் தேடித் திறக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட்டம் போட்டுத் திட்டம் தீட்டக்கூடாது என்று எண்ணுமோ என்னவோ. சிங்கப்பூரில் லியன்-ஹுயி ஜாங் குழுவினர் 2000ல் இந்த மரபணுவைப் பிடித்தார்கள். மறுவருடமே புகையிலையிலும் உருளைக்கிழங்கிலும் அதை வைத்தார்கள். அழுகல் நோய் பரப்பும் பாக்டீரியா கோரம் சேர்ந்த பிறகுதான் தாக்கத் தொடங்கும். பேச்சையே அறுத்துவிட்டதால் அந்தச் செடிகளில் அழுகல் வெகுவாகக் குறைந்தது. பாக்டீரியாவைக் கொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

2010ல் டால் டனினோவும் ஹேஸ்டி குழுவினரும் இதே ஏஐஐஏவை எடுத்துக் கடிகாரம் செய்தார்கள். ஏ.எச்.எல். ஏறினால் லக்ஸ்ஐயும் விழிக்கும், ஏஐஐஏவும் விழிக்கும். பேச்சு தன்னையும் வளர்த்துக்கொள்கிறது, தன்னை வெட்டுபவனையும் வளர்க்கிறது. முதலில் சத்தம் ஏறும், வெட்டுபவன் கை ஓங்கும், சத்தம் அடங்கும். அடங்கிய பிறகு புதிதாக ஏஐஐஏ உண்டாகாது, இருப்பதும் தேய்ந்துபோகும், மறுபடி சத்தம். நுண்குழாய்ச் சில்லுக்குள் இருந்த அத்தனை செல்களும் ஒரே நேரத்தில் பச்சையாகி, ஒரே நேரத்தில் இருண்டன. மீடியா எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைப் பொறுத்துத் தாளத்தின் இடைவெளி மாறியது. ஓட்டமும் ஏ.எச்.எல்.லைக் கழுவிக்கொண்டு போகிறதே. ஒருவகையில் அந்த ஓட்டம்தான் அங்கே கணவாய். அந்தப் படக்காட்சியை ஒருமுறை பாருங்கள். வகுப்பில் நான் அதைப் போட்டால் கடைசி பெஞ்சும் அமைதியாகிவிடும்.

அதிலிருந்து ஆறு வருடத்தில் அதே ஹேஸ்டி ஆய்வகமும் எம்.ஐ.டி.யின் சங்கீதா பாட்டியாவின் ஆய்வகமும் சேர்ந்து அந்தத் தாளத்தைப் புற்றுநோய்க்குத் திருப்பின. வலுவிழக்கச் செய்த சால்மனெல்லா கட்டிக்குள் போய்க் குடியேறும். கோரம் சேர்ந்ததும் பெரும்பாலானவை உடைந்து, உள்ளே செய்து வைத்த மருந்தைக் கொட்டும். தப்பித்த கொஞ்சம் மறுபடி பெருகும், மறுபடி உடையும். கல்லீரலில் புற்றுக்கட்டி பரவிய எலிகளுக்கு இதையும் வழக்கமான கீமோ மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, தனித்தனியாகக் கொடுத்ததைவிட அதிக நாள் உயிர் வாழ்ந்தன. எலிகள் என்பதை அடிக்கோடிடுகிறேன். இரண்டு வரைவுகளில் ‘புற்றுநோய் குணமாகிவிட்டது’ என்ற தோரணை தெரிந்தது. வேண்டாம்.

பரவலை எதிரியாக நினைக்காமல் தூரிகையாகப் பிடித்தவர்களும் உண்டு. 2005ல் பிரின்ஸ்டனில் சுபயு பாசு, ரான் வைஸ் குழுவினர் பெறுநர் செல்களை ‘ரொம்ப அதிகமானாலும் ஒளிராதே, ரொம்பக் குறைவானாலும் ஒளிராதே, நடுத்தரமாக இருந்தால் மட்டும் ஒளிர்’ என்று அமைத்தார்கள். நடுவில் அனுப்புநரைப் புள்ளி வைத்தால், சுற்றிலும் ஒரு வளையம் மட்டும் ஒளிர்ந்தது. அனுப்புநர்களை இரண்டு மூன்று இடத்தில் வைத்தால் இதய வடிவம், பூவிதழ் வடிவம். புள்ளி வைத்துக் கோலம் போட்டவர்களுக்கு இதில் என்ன நடக்கிறது என்று சட்டென்று பிடிபடும். கோடு எங்கே விழவேண்டும் என்பதை அங்கே முடிவு செய்வது செல்லின் மௌனம். அருகிலும் மௌனம், தொலைவிலும் மௌனம்.

பரவலே வேண்டாம் என்றால் தொட்டுப் பேசலாம். ஒரே ஓர் அணி மட்டும் அதைத் தேர்ந்திருக்கிறது, அவர்களுக்கு என் தனிப் பாராட்டு. சான் பிரான்சிஸ்கோவில் வெண்டல் லிம் ஆய்வகம் 2016ல் வெளியிட்ட சின்நாட்ச், பாலூட்டிகளின் செல்லுக்கான ஏற்பி. பக்கத்து செல்லின் மேலுள்ள புரதத்தைத் தொட்டால்தான் இது அறுபடும். அறுபட்ட உள்துண்டு உட்கருவுக்குப் போய் நாம் சொன்ன மரபணுவை இயக்கும். இங்கே கை எடுத்தால் பேச்சு நின்றுவிடும், சத்தம் அறை முழுக்கத் தேங்காது. 2018ல் இதை வைத்துச் சாதாரண எலி செல்களைத் தாமாக அடுக்கடுக்கான உருண்டையாகச் சேரவைத்தார்கள். அந்த உருண்டையை இரண்டாக வெட்டினார்கள். துண்டுகள் மறுபடி தம் அடுக்கைத் திருத்திக்கொண்டன.

அடுத்தது ஒட்டுக்கேட்பது. உங்களில் மூன்று அணிகள் ஒரே குடுவையில் இரண்டு உரையாடல் நடத்தப்போவதாக எழுதியிருக்கிறீர்கள்: ஒன்று லக்ஸ், மற்றொன்று சூடோமோனாஸிலிருந்து எடுத்த லாஸ். வரைபடத்தில் இரண்டு அம்புக்குறிக்கும் இரண்டு நிறம். குடுவைக்கு அந்த நிறம் தெரியாது. ஏ.எச்.எல். குடும்பத்துக்கெல்லாம் தலை ஒன்று. வாலின் நீளம்தான் வேறு. அளவு கூடினால் ஒன்றின் ஏற்பி இன்னொன்றின் வாலையும் பிடிக்கும். ஈ. கோலைக்கே எஸ்டிஐஏ என்று லக்ஸ்ஆர் வகைக் காது ஒன்று உண்டு, ஆனால் ஏ.எச்.எல். செய்யும் வாய் கிடையாது. பிறத்தியார் பேச்சைக் கேட்கவே பிறந்த காது. உங்கள் வரைவில் ஈ. கோலையை ‘வெற்றுப் பலகை’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்திருக்கிறேன்.

இதற்கு முன்மாதிரி வேண்டுமென்றால் 2008ல் பாரி கேன்டன், ட்ரூ எண்டி குழுவினர் எஃப்2620 என்ற பெறுநர் பாகத்துக்குப் போட்ட தகவல் தாளைப் பாருங்கள். கடையில் மின்சுற்றுப் பாகம் வாங்கினால் கூடவே ஒரு தாள் வருமே, அந்தப் பாணியில். எந்த அளவு ஏ.எச்.எல்.லுக்கு எவ்வளவு பதில், எவ்வளவு சீக்கிரம், வேறு வால் கொண்டவற்றுக்கு என்ன பதில், எத்தனை தலைமுறை தாக்குப்பிடிக்கும் என்று எல்லாம் ஒரே பக்கத்தில். நீங்கள் அந்தப் பாகத்தைத்தான் பயன்படுத்துகிறீர்கள், தாளைப் படித்தவர்கள் ஒரே ஓர் அணி.

ஒட்டுக்கேட்பதையே தொழிலாக்கிய வேலையும் உண்டு. சிங்கப்பூரில் மேத்யூ சாங் குழுவினர் 2011ல் ஓர் ஈ. கோலையை உளவாளியாக்கினார்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசா தமக்குள் பேசும் ஏ.எச்.எல்.லைக் கேட்டதும், அது அந்தச் சூடோமோனாஸைக் கொல்லும் பயோசினைச் செய்து, பிறகு தானே வெடித்து அதை வெளியே கொட்டும். எதிரியின் பேச்சே எதிரிக்கு எமன்.

கடைசியாக, நீங்கள் யாருமே எழுதாத ஒன்று. கேட்க மறுப்பவர்கள்.

‘செத்துப்போ’ என்று செய்தி அனுப்பினால் காது கேட்கும் செல் சாகும். பிளாஸ்மிட்டில் ஓர் எழுத்து மாறிக் காது செவிடான செல் சாகாது, பெருகும். இரண்டு நாளில் குடுவை நிறையச் செவிடர்கள். உங்கள் சுற்று ‘வேலை செய்யவில்லை’ என்று நீங்கள் நினைப்பீர்கள். அது வேலை செய்ததால்தான் இந்தக் கதி. சாகச் சொல்லாவிட்டாலும் இதே கதைதான், மெதுவாக நடக்கும். வேண்டாத புரதத்தைச் செய்வது செல்லுக்குச் சுமை, சுமையை இறக்கியவன் முந்துவான். மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுச் சுற்றை 2005ல் 16 நானோலிட்டர் அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை மூவாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு. அவ்வளவு சின்னக் கூட்டத்தில் செவிடன் பிறக்கும் வாய்ப்பே குறைவு; சுற்று நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடியது. 2019ல் ஹேஸ்டி ஆய்வகம் இன்னொரு வழி சொன்னது. கல், காகிதம், கத்தரி விளையாட்டுபோல மூன்று ஈ. கோலை வகைகள், முதலாவதை இரண்டாவது கொல்லும், இரண்டாவதை மூன்றாவது, மூன்றாவதை முதலாவது. முதல் வகையில் செவிடர்கள் கிளம்பும் நேரத்தில் இரண்டாவதை உள்ளே விட்டால் செவிடர்களும் சேர்ந்து ஒழிந்து, புதிய செல்களோடு ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். செவிடாவதைத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு போட்ட திட்டம் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

திருத்திய வரைவில் எனக்கு வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மீடியாவில், உங்கள் வெப்பநிலையில், உங்கள் பிஎச்சில் அந்த மூலக்கூறின் அரை ஆயுள் எவ்வளவு? புத்தகத்தில் போட்டிருப்பது வேண்டாம், நீங்கள் அளந்தது. அனுப்புநரே இல்லாமல் பெறுநரை மட்டும் வைத்தால் எவ்வளவு ஒளிர்கிறது? அந்தப் புரமோட்டர் கசியும், எல்லோருக்கும் கசியும், உங்களுக்கு மட்டும் கசியாது என்று நம்பாதீர்கள். அனுப்புநரை எடுத்துவிட்ட பிறகு பெறுநர் இருள எத்தனை நேரம்? பச்சையாக ஒளிரும் சாதாரண ஜி.எஃப்.பி. புரதம் சீக்கிரம் சிதையாது, செல் பிரியப் பிரியத்தான் மங்கும். பேச்சு எப்போதோ நின்றிருக்கும், பச்சை மட்டும் நின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்தாம் நாள் குடுவையிலிருந்து பத்து காலனி எடுத்துத் தனித்தனியாகக் காது கேட்கிறதா என்று பாருங்கள். உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதித் தாளையும் இணைத்து அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு வாங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேலை முடிந்த கல்ச்சர் ஆட்டோகிளேவுக்குப் போகாமல் சிங்க்குக்குப் போனதாகக் காதில் விழுந்தால் வரைவையே படிக்க மாட்டேன்.

இதெல்லாம் உங்கள் உற்சாகத்தைக் குறைக்க எழுதவில்லை. ‘தயிர் கெட்டால் நிறம் மாறும்’ திட்டத்தை அனுப்பிய அணி, பால்பொருள்களில் வாழும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸைத் தேர்ந்திருந்தீர்கள். அது வெளியே விடும் நிசின் பிற கிருமிகளைக் கொல்லும். அதே நிசின்தான் ‘இன்னும் நிசின் செய்’ என்று தன் இனத்துக்குச் சொல்லும் செய்தியும். ஆயுதமும் கடிதமும் ஒன்றே. இதைப் படித்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு உங்கள் அணித்தலைவிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். “மேடம், ஏதாவது தப்பா?” என்று பயந்துவிட்டாள். தப்பு ஒன்றுமில்லை, படித்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது. ஆனால் தங்கச்சி, தயிர் புளிக்கப் புளிக்க பிஎச் எங்கே போகும் என்று உன் வரைவில் இல்லை. என் குடுவை ஏறியது, உன் பாத்திரம் இறங்கும். நிறம் காட்டும் புரதம் அந்தப் புளிப்பில் நிற்குமா என்று பார்.

அடுத்த மாத முதல் சனிக்கிழமை எல்லோரும் வருகிறீர்கள். காலை பத்து மணிக்கு, எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடி. மத்தியானச் சாப்பாடு நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் ஓய்வுபெற்றுவிட்டார், ஆனாலும் அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிஎச் தாள் எங்களிடம் தீர்ந்துவிட்டது. வரும்போது ஆளுக்கொரு கட்டு வாங்கி வாருங்கள்.

அன்புடன்,
சிவப்பு மை அக்கா